தலையில் அடிபட்ட தம்பிக்குத் திடீர் திடீரென்று காய்ச்சலும் வியர்வையும்: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

சிப்புட் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் பால்மரம், இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. பழைய லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), தகரக் கூரை. அம்மா, நான், தம்பி, மூன்று பேர்தான்.

தம்பிக்கு வயது 24. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. பதினொரு வாரத்துக்கு முன்னால் இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது, மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் சறுக்கி விழுந்து தலை கல்லில் மோதிவிட்டது. ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். பெரிய ரத்தக்கட்டு இல்லை, ஆனால் மூளைக்குள் நரம்பிழைகள் பல இடத்தில் அறுந்துபோயிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். ஐசியுவில் 19 நாள், அப்புறம் வார்டில் ஆறு வாரம். கழுத்தில் துளை போட்டு ஒரு டியூப், மூக்கில் பால் டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப். இந்த மூன்றோடும் வீட்டுக்குக் கொண்டுவந்து இன்றோடு 16 நாள். கண் திறக்கிறான். ஆளைத் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. சில நேரம் என் குரல் வரும் பக்கம் கண் திரும்புகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்க வந்தது அவனுக்கு வரும் ஒரு மாதிரிக் காய்ச்சலைப் பற்றி. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை வருகிறது. முதலில் மேல் உதட்டில் பொடிப்பொடியாக வேர்க்கும். அதைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். இரண்டே நிமிடத்தில் கழுத்தும் நெஞ்சும் சிவந்து, தலையணை நனைந்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஆகிவிடும். விரலில் மாட்டும் கருவியில் நாடித்துடிப்பு 150 காட்டும். மூச்சு நாய் இளைப்பதுபோல் இளைக்கும். இரண்டு கையும் விறைத்து மணிக்கட்டு உள்பக்கமாகத் திரும்பிவிடும், கால் விரல்கள் கீழே பார்த்து நீண்டுவிடும். பல்லை நறநறவென்று கடிப்பது அடுப்படிவரை கேட்கும். அந்த நேரத்தில் சூடு வைத்துப் பார்த்தால் 39.2 டிகிரி செல்சியஸ், ஒரு தடவை 39.6. இருபது நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் தணிந்து தூங்கிவிடுவான்.

பனடோலை (காய்ச்சலுக்கான பாராசிட்டமால்) கரைத்து டியூபில் விட்டோம். விட்டாலும் அதே நேரம்தான், விடாவிட்டாலும் அதே நேரம்தான். இரண்டு தடவை இராத்திரியோடு இராத்திரியாக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ரத்தம் பார்த்தார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வாடகை வேனில் திரும்பி வந்தோம். போக வர அலைச்சலிலேயே அவனுக்கு இன்னொரு தடவை வந்துவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த அன்று முதல் தடவையாக வந்தபோது குளிர்காய்ச்சல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி இரண்டு போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அதுதான் பழக்கம். அன்றைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அடங்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்து வீட்டில், ஆஸ்பத்திரியில் வாழ்வா சாவா என்று கிடந்துவிட்டு வந்த பிள்ளை, ஏதாவது கூடவே வந்திருக்கும் என்கிறார்கள். அம்மா முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். கட்டட்டும், அவர் மனதுக்கு அது ஆறுதல். ஆனால் எனக்குக் காரணம் தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு இளம் டாக்டர் "ஸ்டோர்மிங்" என்று ஒரு வார்த்தை சொன்னார். புரோப்ரனோலோல் மூன்று வேளை, பேக்லோஃபென் மூன்று வேளை எழுதிக் கொடுத்தார். மருந்து வாங்கும் அவசரத்தில் என்னவென்று கேட்காமல் விட்டுவிட்டேன். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இது என்ன? எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், எப்போது வீட்டிலேயே பொறுத்துப் பார்க்கலாம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


லூனாஸ்காரன்:

வணக்கம் தங்கச்சி. படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். அவருக்கும் இந்த ஸ்டோர்மிங் இருந்தது. நாங்களும் பழகிவிட்டோம். ஒரு வாரம் காய்ச்சல் இறங்காமல் இருந்ததை "வழக்கமாக வருவதுதானே" என்று விட்டுவிட்டோம். பார்த்தால் சிறுநீரில் கிருமி, ரத்தம்வரைக்கும் போய்விட்டது. பத்து நாள் வார்டில் கிடந்துதான் தப்பினார். ஆகவே ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பழகிப்போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே.

இன்னொன்று, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்து சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், சேரும். ஆலையில் சொல்லி விண்ணப்பப் பாரம் போட்டுவிட்டீர்களா? மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. நிலை சீரானதும் அங்கே அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேள்.


தெலுக் இந்தான் மிஸ்ஸி:

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற தாதி. 31 வருடம் வேலை, அதில் 14 வருடம் மூளை அறுவைச் சிகிச்சை ஐசியுவில். நீ எழுதியதில் அந்த மேல் உதட்டு வியர்வையைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். உன் தம்பியை நான் பார்க்கவில்லை, இன்னது என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் அவர் சொன்ன வார்த்தைக்கும் நீ எழுதியிருப்பதற்கும் முழுக்கப் பொருந்துகிறது.

ஸ்டோர்மிங் என்றால் புயல் அடிப்பது, நாங்கள் வார்டில் புயல் என்றே சொல்வோம். இதற்கு இப்போது பராக்ஸிஸ்மல் சிம்பதெட்டிக் ஹைப்பர்ஆக்டிவிட்டி என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்படாதே. நாம் பயந்தால், கோபப்பட்டால், ஓடினால் உடம்பை முடுக்கிவிடும் நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அது அளவு மீறி, தவணை தவணையாகப் பொங்குவதுதான் இது. 1929-ல் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதும்போது இதை ஒருவகை வலிப்பு என்று நினைத்தார். அப்புறம் ஆளுக்கு ஒரு பெயர் வைத்து முப்பதுக்கு மேல் பெயர்கள் ஆகிவிட்டன. 2014-ல்தான் பல நாட்டு நிபுணர்கள் கூடி இந்த ஒரே பெயரில் நிற்போம் என்று முடிவு செய்தார்கள். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு, வியர்வை, கைகால் விறைப்பு, இந்த ஆறுக்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையும் அப்போதுதான் வந்தது. ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர மற்ற ஐந்தையும் நீயே எழுதிவிட்டாய், பார்.

மூளைக்கு அடியில் ஹைப்போதலமஸ் என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி. உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்வது அதுதான். அதற்கும் அதன் கீழே இருக்கும் மூளைத்தண்டுக்கும் மேல் மூளையிலிருந்து "போதும், அடங்கு" என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். உன் தம்பிக்கு அறுந்திருப்பதாகச் சொன்னார்களே இழைகள், அந்த உத்தரவு போகும் வழியில் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மேட்டில் நிறுத்தியிருக்கும் சைக்கிளுக்குப் பிரேக் கம்பி அறுந்த மாதிரி. யாரும் வேகமாகத் தள்ள வேண்டியதில்லை, விரல் பட்டால் போதும். நமக்கு ஒன்றுமே இல்லாத ஒரு தொடுகை அவனுக்குப் பெரிய வலிபோல் போய்ச் சேரும்.

பனடோல் ஏன் கேட்கவில்லை என்றால், கிருமிக் காய்ச்சலில் ஹைப்போதலமஸ் தானே "இனி 39-ல் நிற்போம்" என்று அளவை ஏற்றி வைக்கிறது. பனடோல் அந்த அளவைக் கீழே இறக்கும். இங்கே பெரும்பாலும் அளவு ஏறுவதில்லை. தசைகள் விறைத்து, இருதயம் ஓடி, உடம்பு சூட்டைத் தயாரித்துத் தள்ளுகிறது. வியர்வையில் அதை வெளியேற்றப் பார்க்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை எங்கே காய்கிறது? நீ போர்வை போட்ட அன்று அடங்காததற்குக் காரணம் அதுதான். தெரியாமல் செய்தாய், அதைப் போட்டு மனதைக் குடையாதே. எத்தனையோ தாய்மார்கள் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கு வருகிறேன். புரோப்ரனோலோல் இருதயத்தின் ஓட்டத்தை அடக்கும், மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும். பேக்லோஃபென் விறைப்புக்கு. இது போதாவிட்டால் காபாபென்டின், குளோனிடின், புரோமோகிரிப்டின் என்று டாக்டர் சேர்ப்பார். ஐசியுவில் மார்ஃபின் கொடுப்போம். எந்த மருந்தையும் நீயாகக் கூட்டாதே, குறைக்காதே, முக்கியமாக நிறுத்தாதே. புரோப்ரனோலோலும் பேக்லோஃபெனும் பட்டென்று நின்றால் இருந்ததைவிடப் பெரிதாகத் திருப்பி அடிக்கும். பெருநாள் விடுமுறைக்கு முன்னால் மாத்திரையை எண்ணிப் பார்த்துவிடு. தம்பிக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததா? இருந்திருந்தால் நாளைக்கே போன் பண்ணிச் சொல், புரோப்ரனோலோல் அவர்களுக்கு ஆகாது. வாந்திக்கு வெளி கிளினிக்கில் மெட்டோகுளோபிரமைட் எழுத வந்தால், தலையில் அடிபட்டவர் என்று முதலில் சொல்லிவிடு. சிலருக்கு அது நிலைமையைக் கெடுக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வந்த பிறகு அடக்குவதைவிட, எது கிளப்புகிறது என்று தேடு. நான் வேலை செய்த காலத்தில் ஆறாம் கட்டிலில் ஒரு பையன். தினமும் சாயங்காலம் புயல் அடிக்கும். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு நாள் நான் அவனுக்குக் கால் துடைக்கும்போது வலது பெருவிரலை அழுத்திவிட்டேன். கையெடுப்பதற்குள் நாடி 90-லிருந்து 140. நகம் சதைக்குள் வளர்ந்து ஓரத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. சாயங்காலம்தான் கால் வீங்காமல் இருக்க இறுக்கமான காலுறை மாட்டுவோம். நகத்தை எடுத்தோம், அந்த வாரமே புயல் பாதியாகக் குறைந்தது. அவனால் "கால் வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. அதைத்தான் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதனால் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேடு. கழுத்து டியூபைக் கட்டிய நாடா இறுகியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, மூத்திரப் பைக்குத் தண்ணீர் இறங்குகிறதா, மலம் போய் எத்தனை நாள், முதுகுக்குக் கீழே துணி மடிந்திருக்கிறதா, படுக்கைப் புண் ஆரம்பிக்கிறதா, வாயில் புண்ணா, காது எப்படி. இடுப்பு மூட்டிலோ முழங்கையிலோ தொட்டால் சூடாக, வீங்கி, மடக்க முடியாமல் இருந்தால் டாக்டரிடம் சொல். இவர்களுக்குச் சில சமயம் தசைக்குள் எலும்பு வளரும். எந்த நேரம், அதற்கு முன் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எல்லாவற்றையும் எழுதி வை. சளி எடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யாதே. இடையில் அவனை ஓய விடு.

வந்துவிட்டால் துணியைக் கழற்றிவிட்டு மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போடு. காற்றாடி ஓடட்டும், ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துவாலையை நனைத்துத் துடை. ஐஸ் வைக்காதே, குளிரில் நடுங்கினால் சூடு இன்னும் ஏறும். விளக்கை அணை. ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து மெல்லப் பேசுங்கள்.

ஓட வேண்டியது எப்போது? லூனாஸ் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புயல் என்றால் ஏறும், எல்லாம் சேர்ந்து ஏறும், அப்புறம் இறங்கும். இடையில் சூடு சாதாரணமாக இருக்கும். சூடு இறங்காமலே நின்றால், சளி பச்சையாகவோ நாற்றமாகவோ வந்தால், சிறுநீர் கலங்கினால், ஆக்சிஜன் எண் இறங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், வாந்தி எடுத்தால், முன்பைவிட மந்தமாகக் கிடந்தால், கைகால் விட்டு விட்டு வெட்டி இழுத்தால் காத்திருக்காதே. வழக்கத்தைவிட நீண்டு அடித்தாலும் அப்படித்தான். இது புயல்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. மற்றது எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயர்.

ஒன்று விட்டுப்போயிற்று, எடை. ஒவ்வொரு புயலும் ஓட்டப்பந்தயம் ஓடின மாதிரி உடம்பைத் தின்னும். பால் அளவு போதுமா என்று சத்துணவு அதிகாரியைப் பார்க்கச் சொல்லி எழுதி வாங்கு.


சிப்புட் அக்கா:

மிஸ்ஸி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கால்நகம் கதையில் அம்மா அழுதுவிட்டார். ஆஸ்துமா இல்லை. லூனாஸ் அண்ணே, ஆலைக் கிராணி சொக்சோ பாரம் போட்டுவிட்டார், கேள்வி வந்துகொண்டிருக்கிறது.

கடையில் பற்று எழுதும் 555 புத்தகம் ஒன்று வாங்கி அவன் கட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். ஆறு நாள் எழுதிவிட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. காலை ஆறரை மணிக்குத் தவறாமல் ஒன்று வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலைக்குக் கிளம்ப மோட்டாரை உதைத்து முறுக்கும் நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் நிறுத்துவார், பலகைச் சுவர். தம்பி விழுந்ததும் மோட்டாரில்தான், அதனால்தானோ என்று அம்மா கேட்கிறார். எனக்குச் சத்தம்தான் காரணம் என்று தோன்றுகிறது. அண்ணனிடம் சொன்னேன். அவர் பாவம், இப்போது லயத்துக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புகிறார்.

இரண்டாவது, மூன்று மணி வாக்கில் வருவது. அது வெயில். மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில், அந்த நேரத்துக்குச் சுவரில் கை வைக்க முடியாது. கட்டிலை நடு வீட்டுக்கு மாற்றிவிட்டோம்.

மூன்றாவதைச் சொல்கிறேன் கேளுங்கள். நேற்று முன்தினம் இரவு பத்து மணிக்கு மேல் பிடித்தது, விடவே இல்லை. 39.4, நாடி 160. வேனுக்குப் போன் பண்ணிவிட்டேன். வருவதற்குள் நீங்கள் சொன்னபடி உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நாடா சரி, சளி எடுத்தாயிற்று, முதுகுத்துணி சரி. மூத்திரப் பையைப் பார்த்தால், எட்டு மணிக்குக் காலி பண்ணியது அப்படியே கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை. டியூபைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். புரட்டிப் படுக்க வைத்தபோது டியூப் தொடைக்கு அடியில் மாட்டி மடிந்திருக்கிறது. காலைத் தூக்கி எடுத்துவிட்டேன். விட்டதும் டியூபில் மஞ்சளாக ஓட ஆரம்பித்தது. பையில் 600 மில்லி வரை ஏறியது. நான் ஒரு கையில் பை, ஒரு கையில் அவன் மணிக்கட்டு. ஏழு, எட்டு நிமிடம் இருக்கும். உள்பக்கம் திரும்பியிருந்த மணிக்கட்டு என் கைக்குள்ளேயே மெல்ல இளகுவதை உணர்ந்தேன். பல் கடிப்பது நின்றது. 140, 125, 108. வேன் வந்து நின்றபோது அவன் தூங்கிவிட்டான். வேன்காரரும் நல்ல மனிதர், காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை.


குளுவாங் அம்மா:

அக்கா, உங்களுக்கு நேர்மாறாக ஒன்று எங்கள் வீட்டில். என் கணவருக்கு மரம் விழுந்து தலையில் அடி, இரண்டு வருடம் ஆகிறது. முதல் நான்கு மாதம் உங்கள் தம்பி மாதிரிதான், நெருப்பாகக் கொதிப்பார். அது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. நின்ற பிறகு ஒரு நாள் மழை, ஏர்கோன் போட்ட அறையில் படுத்திருந்தார். தொட்டால் கை சில்லென்று இருக்கிறது, கூப்பிட்டால் மந்தமாக இருக்கிறார். கருவியில் 34.8. 35-க்குக் கீழே போனால் அதுவும் ஆபத்துதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சூட்டைச் சமன் செய்கிற இடமே அடிபட்டதால், அறை எப்படியோ உடம்பும் அப்படி என்று டாக்டர் விளக்கினார். கூடவே தைராய்டு, கார்டிசோல் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹைப்போதலமஸுக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அடியில் பாதிக்கப்படுமாம். இவருக்குத் தைராய்டு குறைந்திருந்தது, மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆளே தெளிந்தார். சிறுநீர் அளவுக்கு மீறித் தண்ணீர்போல் போனாலும் அந்தச் சுரப்பியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பாயின்ட்மென்டுக்குப் போகும்போது இதையும் கேளுங்கள் அக்கா. எங்களுக்கு யாரும் சொல்லாததால் எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டோம்.


பீடோர் மாமா:

எங்கள் அண்ணன் மகன் செம்பனைக் குலை வெட்டும்போது பள்ளத்தில் விழுந்து கழுத்தெலும்பில் அடி. தலையில் அடியில்லை. அவனுக்கும் முகம் சிவந்து வியர்த்து ஊற்றுகிறது, தலை வெடிக்கிறது என்கிறான். இதே மருந்து கொடுக்கலாமா?


தெலுக் இந்தான் மிஸ்ஸி:

வேண்டாம் மாமா, அது வேறு. முதுகுத்தண்டில் மேல்பகுதி அடிபட்டவர்களுக்கு வருவது. அதில் ரத்த அழுத்தம் சட்டென்று ஆபத்தான அளவுக்கு ஏறும், நாடி பல நேரம் குறையும். வந்தவுடன் நேராக உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், மூத்திர டியூப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பை அல்லது மலக்குடல் நிறைந்திருப்பதுதான் காரணமாக இருக்கும். தணியாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். அந்தப் பிள்ளையின் கார்டில் இதை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

சிப்புட் தங்கச்சி, டியூபைத் தொடையின் மேல்பக்கம் பிளாஸ்தரால் ஒட்டிவிடு, அடியில் போகாது. பை எப்போதும் கட்டில் மட்டத்துக்குக் கீழே தொங்கட்டும். குளுவாங் அம்மா சொன்ன ஹார்மோன் பரிசோதனை அருமையான விஷயம், மறக்காமல் கேள்.


சிப்புட் அக்கா:

நேற்று அப்பாயின்ட்மென்ட் போய்வந்தோம். 555 புத்தகத்தை டாக்டரிடம் நீட்டினேன். என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து, போன வாரம் இரண்டு. மருந்து அளவைக் கொஞ்சம் மாற்றி, காபாபென்டின் சேர்த்தார். இப்படி அடிபட்டவர்களுக்குப் பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும், ஆனால் பொதுவாகத் தணிந்துகொண்டே வரும் என்றார். தைராய்டுக்கும் கார்டிசோலுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எடை 61-லிருந்து 49 கிலோ ஆகியிருக்கிறது, பாலைக் கூட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

இதை எழுதும்போது மணி மூன்றரை. வெயில் கொளுத்துகிறது. தம்பி நடு வீட்டில், காற்றாடிக்குக் கீழே. இப்போதுதான் மேல் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. அம்மா அடுப்படியில் தேங்காய் துருவுகிறார். அந்தச் சத்தம் வரும் பக்கம் கண்ணைத் திருப்பி வைத்திருக்கிறான்.